வலப்பக்க ஸ்ரேறிங்

பெப்ரவரி 2

கார் வந்துவிட்டது.

இழுவை வண்டிக்காரன் பனிக்குள் அதை இறக்கிவிட்டு, தள்ளி நிறுத்துவதற்காக இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். ஸ்ரேறிங் சக்கரத்தைத் தேடினான். அங்கே அது இல்லை. இறங்கி என்னைப் பார்த்தான். "மற்றப் பக்கம்" என்றேன், நானே செய்துவைத்த பிழைபோல.

1999, ஜப்பான். இரண்டு கதவு, டர்போ, வெள்ளி நிறம். பதினைந்து வயது தாண்டிய காரை யாரும் கனடாவுக்குள் கொண்டுவரலாம் என்கிறது சட்டம். ஏன் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை.

அப்பா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுச் செருப்போடு பனிக்குள் வந்தார்.

"ஸ்ரேறிங் சரியான பக்கத்திலை கிடக்கு."

"பிழையான பக்கம், அப்பா. இது ஸ்காபரோ."

"ஊரிலை நான் ஓடின வானுக்கும் இந்தப் பக்கம்தான்."

"ஊரிலை எல்லா வானுக்கும் அந்தப் பக்கம்தான்."

யோசித்தார். "ஓம். அதுவும் சரி."

அம்மா லண்டனுக்குப் போய் இரண்டு கிழமை. அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். இனி மே மாதம்தான் வருவார். விமான நிலையத்தில் கடைசியாகச் சொன்னது பேரப்பிள்ளைகளைப் பற்றி அல்ல. "அப்பாவைக் கார் ஓட விடாதை. கண் சரியில்லை." எங்கள் பழைய கொரோலாவின் திறப்புக் கொத்தை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அப்பா அந்த நேரம் பெட்டியை நிறுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையாக.

பெப்ரவரி 4

காரோடு வந்த ஏலத்தாளில் 'நல்ல நிலை' என்று இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பின்சில்லு வளைவில் வைத்தேன். விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தேன். அங்கேயும் விழுந்தது. தகரம் இல்லை. எல்லாம் துருவை மறைத்த பூச்சு. யாரோ மிகுந்த பொறுமையோடு பூசி, தேய்த்து, நிறமடித்திருக்கிறான். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

முதுகலை ஆய்வேட்டில் பொருட்களின் மௌனம் பற்றி நூறு பக்கம் எழுதியவள் நான். இது மௌனமாக இல்லை. சொட்டுகிறது.

பெப்ரவரி 11

பின் பிறேக் இரண்டும் இறுகிப் போயிருந்தன. காலையில் இருந்து கழற்றினேன். கழற்றிய ஆணிகளைப் பெரிய அட்டையொன்றில், கழற்றிய ஒழுங்கிலேயே குத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எங்கிருந்து வந்தது என்று பேனையால் எழுதினேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல முறை அது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வர அட்டை வெறுமையாக இருந்தது. ஆணிகள் எல்லாம் ஒரு பால்மா ரின்னுக்குள்.

"அப்பா!"

"துப்புரவாக்கினனான்."

"ஆர் கேட்டது?"

"நீதான் கேட்டனீ."

"நான் கேக்கேல்லை."

"காலமை கேட்டனீ, பிள்ளை. தேத்தண்ணி குடிக்கேக்குள்ளை."

காலையில் நாங்கள் பேசவே இல்லை. பொய் சொல்கிறார், அல்லது பிடிவாதம். வீடு முழுவதற்கும் கேட்கும்படி கத்தினேன். வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்தார். அதைப் போடவில்லை. கோபமாக இருக்க வேண்டும்.

பெப்ரவரி 12

ஆணி கழற்றும் பத்து மில்லிமீற்றர் சொக்கற்றைக் காணவில்லை.

பெப்ரவரி 15

அரிசி வாளிக்குள் இருந்தது.

"இதென்ன பகிடி, அப்பா?"

"நான் வைக்கேல்லை."

"பின்னை ஆர் வைச்சது? காரோ?"

"கேட்டுப் பார். அது ஜப்பான் பாசையிலை சொல்லும்."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மீது கோபம் வந்தது. எழுபத்தொரு வயது. முப்பது வருடம் பேக்கரி வான் ஓடிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு இப்படி விளையாட்டுக் காட்டுகிறார்.

பெப்ரவரி 19

அம்மா லண்டனில் இருந்து போன் எடுத்தார். கேள்விகள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. சாப்பிட்டாரா. மருந்துப் பெட்டியில் இன்றைய அறை காலியா. கடைக்குத் தனியாக விட்டேனா.

"விட்டால் என்ன?"

"ஒண்டையே திருப்பித் திருப்பி வாங்கிக்கொண்டு வருவார்."

உண்மைதான். அலுமாரியில் கடுகுப் பைக்கற்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அம்மா இல்லாத வீட்டில் ஒரு ஆணுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியுமா? அம்மா அவரைக் குழந்தையாக்கி வைத்திருக்கிறார். அலுமாரிக் கதவுகளின் உட்பக்கத்தில் 'சீனி', 'மா', 'தேயிலை' என்று தாள் ஒட்டியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையின் முடிவு இதுதானா, ஒரு மனிதனுக்குச் சீனி எங்கே என்று எழுதி ஒட்டுவது?

பெப்ரவரி 27

இன்று முழுவதும் இன்சூரன்ஸ். வலப்பக்க ஸ்ரேறிங் என்றதும் மறுமுனையில் ஒரு மூச்சு. பிறகு இசை. பிறகு மன்னிப்பு. ஒருத்தி மட்டும் மன்னிப்புக் கேட்காமல் இன்னொரு கேள்வி கேட்டாள். வீட்டில் லைசன்ஸ் உள்ள வேறு யாராவது?

அப்பாவின் பெயரைச் சேர்த்ததும் கட்டணம் பாதியாக இறங்கியது. முப்பது வருடத்தில் ஒரு விபத்து இல்லை, ஒரு அபராத ரிக்கற் இல்லை.

பெயர்தானே. ஓடப்போவது நான்.

அப்பாவிடம் சொன்னேன். நிமிர்ந்து இருந்தார். "பாத்தியே? என்ரை பேருக்கு இப்பவும் மதிப்பிருக்கு. கொம்மாட்டைச் சொல்லு."

அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 3

எரிபொருள் பம்ப் வந்தது. வேறு மொடலுடையது.

மார்ச் 9

முதலாமாண்டு மாணவர்களின் கட்டுரைகள் திருத்தப்படாமல் சமையலறை மேசையில் கிடக்கின்றன. மேலே கிரீஸ் பட்டிருக்கிறது. தொழில்நுட்பம் மனிதனை எப்படி அந்நியமாக்குகிறது என்பது தலைப்பு. நான் கொடுத்த தலைப்பு.

ஏன் இந்தக் காரை வாங்கினேன்? யாராவது கேட்டால் அதன் கோடுகளைப் பற்றிச் சொல்வேன். ஒரு பொருளை முழுமையாக அறிவது பற்றிச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. அப்பா மட்டும் யாருடையது என்று தினமும் கேட்கிறார், "இது ஆற்றை கார்?" பகிடிக்கு.

மார்ச் 17

ஓடியது!

சரியான பம்ப். புதிய டர்போக் குழாய். முதல் முறை இருமியது, இரண்டாம் முறை பிடித்தது. கராஜ் முழுவதும் அந்தச் சத்தம், அடிவயிற்றில் கேட்கிற சத்தம். அப்பா வலப்பக்க ஆசனத்தில் இருந்தார். நான் இயந்திரத்தின் மேல் குனிந்து நின்றேன்.

டாஷ்போர்டில் இருந்து ஒரு ஜப்பானியப் பெண் பேசினாள். மிகவும் பணிவாக.

"ஓம் அம்மா, ஓம்," என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "என்னவாம்?"

நான் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தேன். "சுங்கச்சாலை அட்டை போடேல்லையாம்."

"போட்டுவிடன். பாவம்."

"அந்தச் சாலை ஜப்பானிலை, அப்பா."

"அதை அவளுக்கு ஆர் சொல்லுறது?"

வழிகாட்டித் திரையும் எரிந்தது. அதில் ஜப்பான் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் காரைக் காட்டும் சிவப்பு முக்கோணம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கடலில் நின்றது.

நிறுத்தி மறுபடி ஓடவிடச் சொன்னேன். அவள் பேசினாள். "என்னவாம்?" என்றார் அப்பா. சொன்னேன். மூன்றாம் முறையும் அவள் பேசினாள், அவர் கேட்டார். ஒரே முகத்தோடு, அதே ஆவலோடு.

"விசரே உங்களுக்கு? இப்பத்தானே சொன்னனான்!"

அவர் ஸ்ரேறிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நல்ல நாளைக் கெடுத்துக்கொள்வதில் எனக்குத் தனித் திறமை.

மார்ச் 26

பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் நம்பர் தகடு கிடையாது. கார் திருத்தும் வாகீசன் அண்ணாவின் வேலைத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நாளைக்கு" என்பதை அவர் ஒரு நாளின் பெயராகப் பாவிப்பதில்லை, ஒரு மனநிலையாகப் பாவிக்கிறார்.

காரைச் சுற்றி நடந்தார். வாய் நிறைய வடை.

"தங்கச்சி, கல்யாணம் கட்டியிருந்தால் இதைவிடச் செலவு குறைவு."

"அண்ணா, பாஸோ இல்லையோ?"

"லைற் பாஸ் இல்லை. இடப்பக்கம் ஓடுற நாட்டு லைற். இஞ்சை எதிரிலை வாறவன்ரை கண்ணுக்கை அடிக்கும். ஸ்ரேறிங் மூட்டு ஒண்டும் தேய்ஞ்சு கிடக்கு."

"எப்ப சரிவரும்?"

"நாளைக்கு."

ஏப்ரல் 7

நாளைக்கு வந்தது. தகடு போட்டாயிற்று.

முதல் ஓட்டம். திரும்பும்போதெல்லாம் சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டேன். வெயில் எறிக்க, காய்ந்த கண்ணாடியில் அது கீச்சிட்டது. பக்கத்தில் அப்பா, இடப்பக்கத்தில், பயணிபோல.

கோப்பிக் கடையில் காரை விட்டு இறங்காமல் வாங்கும் ஜன்னல். அது இடப்பக்கம்தான் வரும். ஆகவே அப்பாதான் வாங்க வேண்டும்.

"ஒரு கோப்பி, ஒரு தேத்தண்ணி எண்டு சொல்லுங்கோ."

கண்ணாடியை இறக்கினார். அந்தப் பெண் சிரித்தாள், காத்திருந்தாள். அப்பாவும் சிரித்தார்.

"அப்பா."

"நீ சொல்லு."

"நீங்கள்தானே பக்கத்திலை. ரீ எண்டு சொல்லுங்கோ."

"அது..." என்றார். கையால் ஒரு கோப்பையின் வடிவத்தைக் காட்டினார், அந்தப் பெண்ணுக்கு. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் அவர் மேலால் சாய்ந்து ஜன்னலுக்குள் கத்தினேன். முப்பது வருடம் இந்த நகரத்தில் ஒவ்வொரு கடையின் பின்கதவிலும் ஆங்கிலம் பேசிப் பாண் இறக்கிய மனிதர். வேண்டுமென்றே செய்கிறார்.

வீடு வரும்வரை தேநீரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குடிக்கவில்லை.

ஏப்ரல் 14

எழுத வேண்டும். ஒழுங்காக எழுத வேண்டும்.

வருடப் பிறப்பு. காலை. அப்பா முழுகி, வெள்ளைச் சேர்ட் போட்டு, கராஜுக்கு வந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. நின்றார்.

"ஒருக்கா ஓடித் தாறன், பிள்ளை. ஒரு சுத்து."

"கண் சரியில்லை எண்டு அம்மா சொன்னவா."

"என்ரை கண்ணுக்கு என்ன?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தெரு முடிவில் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகை. "அதை வாசியுங்கோ." வாசித்தார். ஆராதனை நேரம், கீழே சின்ன எழுத்தில் இருந்த போதகரின் பெயர், எல்லாம். எனக்கே அந்தப் பெயர் தெளிவாகத் தெரியவில்லை.

அம்மாவின் காரணம் அதோடு விழுந்துவிட்டது. வேறு காரணம் இருக்கவில்லை. திறப்பைக் கொடுத்தேன்.

அழகாக ஓடினார். அதை எழுதாமல் விடக்கூடாது. இடக்கையால் கியர் மாற்றினார், பார்க்காமலே. நான் இரண்டு மாதமாகச் சண்டை பிடித்த இயந்திரம் அவர் கையில் ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. எங்கள் தெரு ஒடுங்கியது, கோடு இல்லாதது. அதன் நடுவால் போனார். சந்தியில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். இடப்பக்கம் திருப்பினார், விளிம்போடு ஒட்டி, சுத்தமாக.

நடைபாதை என் பக்கத்தில் வந்தது. மிக அருகில். ஏன் இவ்வளவு அருகில் என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் உண்மை, கத்தவில்லை. பிறகு முன்னால், எங்களை நோக்கிப் பஸ்.

ஸ்ரேறிங்கை என் பக்கம் இழுத்தேன். கார் விளிம்பில் ஏறி, புல்லில் போய், மாநகரசபை நட்ட மரக்கன்று ஒன்றில் நின்றது. லைற் நொறுங்கியது. பம்பர் கிழிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை.

டாஷ்போர்டுப் பெண் பேசினாள். சுங்கச்சாலை அட்டை போடவில்லையாம்.

பஸ் சாரதி இறங்கி ஓடி வந்தான். எங்களுக்கு அடிபட்டதா என்று கேட்டான். அப்பா கண்ணாடியை இறக்கி அவனைத் தமிழில் ஏசினார். பிறகு என்னிடம் திரும்பி, நிதானமாக:

"பாத்தியே, பிள்ளை? பிழையான பக்கத்தாலை வாறான்."

ஏப்ரல் 15

யோசித்துப் பார்த்தால் விளக்கம் எளிது. ஊரில் இருபது வருடம் வலப்பக்கம் இருந்து, இடப்பக்கம் ஓடியவர். அந்த ஆசனம் கிடைத்ததும் உடம்பு பழைய தெருவுக்குப் போய்விட்டது. மூளையில் இல்லை, தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கிற ஞாபகம். இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். விளக்கக்கூடிய எதற்கும் பயப்படத் தேவையில்லை.

வாகீசன் அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தங்கச்சி, சத்தியமாய், உதைச் சோதிச்சுப் பாக்கக் கொண்டுபோன அண்டைக்கு நானும் றோட்டின்ரை மற்றப் பக்கம் ஏறப் பாத்தனான். வலப்பக்கம் இருந்தால் எங்கட ஆக்களுக்கு இடப்பக்கம்தான் றோட். வெள்ளைக்காரனுக்கு உது வராது."

பார். அவருக்கும்தான்.

ஏப்ரல் 18

கதை பரவிவிட்டது. மாமா அழைத்தார், சித்தி அழைத்தார். எல்லோருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வருகிறது. பஸ் சாரதியை ஏசும் இடத்தில் அப்பாவின் குரலைப் போடுகிறேன். அப்பாவும் பக்கத்தில் இருந்து சிரிக்கிறார்.

முன்பக்க லைற் ஜப்பானில் இருந்து கப்பலில் வர வேண்டும்.

ஏப்ரல் 20

அம்மாவுக்கும் சொன்னேன். வேறு யாராவது சொல்வதற்கு முதல்.

சிரிக்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது, பிறகு மற்றதும்.

"அடி பட்டதோ?"

"இல்லை. ஒரு மரக்கன்றுதான். அம்மா, கண் பிரச்சினை இல்லை. நான் சோதிச்சனான். ஸ்ரேறிங் அந்தப் பக்கம் இருந்ததாலைதான்..."

"கண்ணுக்கு ஒண்டுமில்லை."

"பின்னை ஏன் கண் எண்டு சொன்னனீங்கள்?"

கதவொன்றைச் சாத்தும் சத்தம். குழந்தைகளின் அழுகை தூரமாயிற்று.

"தை மாசம் நானும் அவரும் வங்கிக்குப் போட்டு வாறம். இப்பிடித்தான், எதிர்ப்பக்கத்தாலை. நான் குழறிக் கத்தினன். ஏன் குழறுறாய் எண்டு என்னைக் கேக்கிறார்."

"எந்தக் காரிலை?"

"வீட்டிலை வேறை என்ன கார் இருந்தது, சங்கவி?"

கொரோலா. இந்த நாட்டில் வாங்கியது. ஸ்ரேறிங் இடப்பக்கம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னால் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து விளங்கப்படுத்துவாய். லண்டனிலை கொக்காவுக்குச் சொன்னால் அழுவாள். அவள் அப்ப பிள்ளைத்தாச்சி."

"டொக்டருக்கு?"

"சொன்னால் லைசன்ஸைப் பிடுங்குவாங்கள். அதை விட்டால் அந்த மனிசனிட்டை வேறை என்ன கிடக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேல்தான் என்று நினைக்கிறேன். போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய், கழற்றத் தேவையில்லாத ஒன்றைக் கழற்றினேன்.

ஏப்ரல் 22

அப்பா காலையில் கேட்டார், "இது ஆற்றை கார்?"

"என்ரை, அப்பா."

"நல்ல கார்," என்றார்.

ஏப்ரல் 29

குடும்ப வைத்தியர். எங்களுக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும், தமிழர். இரத்த அழுத்தம், சீனி, நிறை. அப்பா எல்லாவற்றுக்கும் பகிடி விட்டார். இன்று என்ன கிழமை என்று கேட்டபோது, "ஓய்வெடுத்தவனுக்கு எல்லாம் ஞாயிறுதான், டொக்டர்" என்றார். வைத்தியர் சிரித்தபடி அடுத்த கேள்விக்குப் போனார்.

"கார் ஓட்டம் எப்பிடி, ஐயா?"

"கேளுங்கோ," என்றார் அப்பா. கதிரையில் முன்னால் வந்து இருந்தார். முழுக் கதையையும் சொன்னார். வலப்பக்க ஸ்ரேறிங், வெள்ளைச் சேர்ட், பஸ். நான் சித்திக்குச் சொன்ன அதே ஒழுங்கில், நான் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி. "உடம்பின்ரை ஞாபகம், டொக்டர். மகள் படிச்சவள், அவள்தான் சொன்னவள்."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நல்லாய்ச் சிரித்தார். கணினியில் இருந்து கையை எடுத்துவிட்டார். "எனக்கும் ஊருக்குப் போனால் உப்பிடித்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்க்கும் பார்வை இல்லை. இந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த எல்லா முகங்களையும்விடத் தெளிவான முகம். அவருக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் இரு என்று அந்தப் பார்வையால் கேட்டார்.

கதை நன்றாக இருந்தது. நான் எழுதிய எதையும்விட நன்றாக இருந்தது.

"தையிலை கொரோலாவிலையும் நடந்தது, டொக்டர்," என்றேன்.

பிறகு மற்றவற்றையும் சொன்னேன். பால்மா ரின். அரிசி வாளி. கோப்பிக் கடை ஜன்னல். கடுகு. சொல்லும்போதுதான் அவை எல்லாம் ஒரே விஷயம் என்று எனக்குக் கேட்டது. வைத்தியர் மெதுவாகத் தட்டச்சுச் செய்தார். வேறு சோதனைகள் இருக்கின்றன என்றார். அதுவரை ஓடக்கூடாது, தான் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்றார். அப்பா எழுந்து, ஜாக்கெற்றைப் போட்டு, சிப்பை இழுத்தார். முதல் தரமே சரியாக இழுத்தார்.

கொரோலாவில் என் பக்கத்தில் ஏறினார். நான் இருக்கைப் பட்டியைப் போடச் சொல்லத் தேவைப்படவில்லை. மார்க்கம் வீதிவரை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் பதில் சொல்லலாம்.

சிவப்பு லைற்றில் நிறுத்தினேன். ஸ்ரேறிங்கைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"பச்சை விழுந்திட்டுது," என்றார் அப்பா. "எடு, பிள்ளை. பின்னாலை சனம் நிக்குது."

எடுத்தேன்.